கண்ணாடி மூலையில் மஞ்சள்

இல்லை அக்கா, இன்னும் கழற்றவில்லை. நம் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கிற கறுப்பு வயர் அப்படியேதான் இருக்கிறது. உன் அறைக் கதவுக்கு மேலே, அப்பா ஆணி அடித்த இடங்களில் தொங்கி, கூடத்தில் என் கம்ப்யூட்டர் வரை. துணிக்கொடி என்று நினைத்து அம்மா ஒருமுறை ஈரத் துண்டை அதன்மேல் போட்டாளே. இன்று காலை அதன் கீழே நடந்து உன் அறைக்குள் போனேன். ஸ்கேனர் மூடியைத் திறந்தேன். வழக்கமான ஸ்பிரிட் வாசனை வரவில்லை. காய்ந்த மஞ்சள் வாசனை வந்தது.

உன் பதின்மூன்றாம் நாள் காரியக் கார்டு மத்தியானத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். கார்டைத் தயாரிக்க வெளியே கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. அம்மா விடவில்லை.

"ஊர்ல இருக்கறவங்க கார்டெல்லாம் இந்த வீட்டுலதானே ஆச்சு? அவளுது மட்டும் வெளிய போகணுமா?"

பிறகு என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன். சொல்வது சுலபமாக இருந்தது. இப்போது எல்லாமே சுலபமாக இருக்கிறது. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறேன். படு என்றால் படுக்கிறேன். நேற்று யாரோ அழு என்றார்கள். அது மட்டும் வரவில்லை.

ஸ்கேனர் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. நாள் முழுக்க நீ அதோடு மல்லுக்கட்டினாய். பிரிண்டர் என் பக்கம் இருந்தது. பகிர்ந்த உடனே உன் திரையிலும் வந்துவிட்டது. என் திரையில் அதன் படத்துக்குக் கீழே, பகிர்ந்ததற்கு அடையாளமாக, ஒரு சின்னக் கை, தாங்குவது போல. ஸ்கேனருக்கும் அந்தக் கை எங்காவது இருக்கும் என்று தேடினாய். வேலை நடப்பது என் கம்ப்யூட்டரில். படம் விழுவது உன்னுடையதில். நடுவில் ஒரு சுவர். கடைசியில் கம்ப்யூட்டர் விற்ற கன்னடக்காரருக்குப் போன் செய்தாய். ரிசீவரை என் காதுக்கும் சேர்த்துப் பிடித்தாய்.

"பிரிண்டர் மாத்ர ஷேர் ஆகுத்தெ மேடம். ஸ்கேனர் ஆகல்ல."

போனை வைத்துவிட்டுச் சொன்னாய்: "பிரிண்டர்னா வீட்டு மாப்பிள்ளை, எல்லா ரூம்லயும் உபசாரம். ஸ்கேனர் மூலைல உக்காரணுமாம்."

"அப்ப என்னக்கா செய்யறது?"

"ரெண்டாயிரமாவது வருஷம் வரட்டும் கணே தங்கச்சி. எல்லாம் அதுவா ஷேர் ஆகும்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நீயே வழி கண்டுபிடித்துவிட்டாய். ஸ்கேனரைப் பகிர முடியாவிட்டால், ஸ்கேன் விழுகிற ஃபோல்டரைப் பகிரலாம். நீ உன் அறையில் படத்தை வைத்து எடுப்பாய். நான் கூடத்தில் திறப்பேன். மிச்சத்துக்கு நம் தொண்டை.

"வெச்சாச்சு!"

"இரு இரு."

"வந்துச்சா?"

"வந்துச்சு. தலைகீழா வந்துச்சு."

"அப்ப நீ தலைகீழா நில்லு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் நாம் சண்டை போடுகிறோம் என்று வெகுநாள் நம்பினார்கள்.

மஞ்சள் விஷயம். கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி கொண்டுவருகிறவர்கள் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பழைய பத்திரிகையைத்தான் கொண்டுவருவார்கள். நீயும் அதை அப்படியே ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்துவிட்டாய். அதன் பிறகு கொள்ளேகாலத்துக்காரர் ஒருவர் தன் அப்பாவின் படத்தோடு வந்தார். கருமாதிக் கார்டு. கலரில் மாதிரி எடுத்துக் கொடுத்தோம். கூடத்தில் நின்றபடியே கத்தினார்.

"என்னம்மா இது? நெத்தியோரமா மஞ்ச பூசி வெச்சிருக்கறீங்க? எங்கப்பனுக்கு என்ன ரெண்டாங் கல்யாணமா?"

நீ மன்னிப்புக் கேட்டாய். வேறு எடுத்துக் கொடுத்தாய். அவர் படியிறங்கும் வரை முகத்தை இறுக்கி வைத்திருந்தாய். பிறகு சமையலறைக்கு ஓடிப்போய், அம்மாவின் புடவையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாய். அன்றிலிருந்து ஸ்கேனர் பக்கத்தில் ஒரு ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு. மஞ்சள் பட்ட எதையும் எடுத்தால் உடனே துடைக்க வேண்டும். "கல்யாணத்தை சாவு மேல ஒட்ட விடாதே" என்பாய்.

நீ கடைசியாக அந்தக் கண்ணாடியில் வைத்ததும் ஒரு கல்யாணப் பத்திரிகைதான். தலை வலிக்கிறது என்று எழுந்து போனாய். துடைக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்குமா? தெரியவில்லை. வெறும் காய்ச்சல் என்றுதானே ஆஸ்பத்திரியிலும் முதலில் சொன்னார்கள்.

இன்று உன் கம்ப்யூட்டரைப் போட்டேன். உன் பெயர் கட்டத்தில் இருந்தது. கீழே பாஸ்வேர்ட் கேட்டது. எனக்கு அது தெரியாது. எஸ்கேப் அடித்தால் திரை திறக்கும், ஆனால் என் கம்ப்யூட்டரோடு பேசாது. நமக்குப் பழகிய தொல்லை. ஒரே வழி, உன் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் அடிப்பது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். என் பெயரை அடித்தேன். இந்தப் பெயரில் இதற்குமுன் யாரும் இங்கே வந்ததில்லை என்றது. இனி நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். இருந்தாலும் அடுத்த முறை அந்தக் கட்டத்தில் என் பெயர்தான் வரும். அது அப்படித்தான்.

உன் படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்தேன். சாமுண்டி மலைப் படிக்கட்டில் எடுத்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பாய். மூடினேன். வெளிச்சம் மூடியின் இடுக்கில் மெல்ல நகர்ந்தது. நின்றது. வெச்சாச்சு என்று கத்த வேண்டிய இடம். கூடத்தில் யாரும் இல்லை. பிறகு வயரின் கீழே நடந்து கூடத்துக்குப் போய் உட்கார்ந்து ஃபோல்டரைத் திறந்தேன்.

வந்திருந்தது.

இடது மூலையில், உன் தலைமுடி முடிகிற இடத்தில், ஒரு தீற்றல். மஞ்சள். உன் விரல் ஒருபக்கமாக இழுத்த மாதிரி. அதை அழிக்கக் கொஞ்ச நேரம் போதும். எத்தனை பேர் முகத்திலிருந்து எதையெல்லாம் அழித்திருக்கிறேன். மவுஸை அங்கே கொண்டுபோனேன். அழிக்காமல் கையை எடுத்துவிட்டேன். கார்டு கறுப்பு வெள்ளைதான். மஞ்சள் சாம்பல் நிறமாகத்தான் விழும். உன் பெயரை அடித்தேன். மற்ற வரிகளை எந்தக் கார்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டேன். அம்மா வந்து பார்த்தாள். மூலையைப் பார்த்தாளா தெரியவில்லை. "நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னாள். அது கார்டைப் பற்றியா உன்னைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

தேவராஜ மொஹல்லாவில் அச்சகக்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உன்னை அவருக்குத் தெரியும். நீ பேரம் பேசும்போது அவர் காதைப் பொத்திக்கொள்வார்.

"ஏதோ கலே இதெயல்லம்மா, மூலேல. நெகட்டிவ்ல எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்."

"கறை மாதிரி தெரியும்மா."

"பரவால்ல. இருக்கட்டும்."

அவர் தாளை உள்ளே கொடுத்தார்.

இப்போதும் எந்தப் பட்டனை அழுத்தினாலும் கொஞ்சம் காத்திருக்கிறேன். மிக்ஸி, மோட்டார், போன். அந்தப் பக்கத்திலிருந்து வந்துச்சா என்று ஒரு சத்தம் வர வேண்டும். நீ இல்லை என்று தெரியும். தொண்டை மட்டும் பதிலுக்குத் தயாராகிவிடுகிறது.

நாளைக்குக் குவெம்பு நகரிலிருந்து ஒரு புதுமனைப் பத்திரிகை வருகிறதாம். அப்பா எடுத்துக்கொள்ளச் சொன்னார். சரி என்றேன்.

அச்சகத்திலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, கை கழுவி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன்.