இரண்டு புள்ளி வைத்த எழுத்து

இன்று காலை கூரியரில் வந்த பெட்டியில், அனுப்பியவர் பெயருக்கு நடுவே ஒரு கேள்விக்குறியும் ஒரு வெறும் கட்டமும் உட்கார்ந்திருந்தன. ஏதோ வெளிநாட்டுப் பெயர். இத்தனை வருஷம் கழித்தும் இந்த எழவு தீரவில்லை. உன் ஞாபகம் வந்தது, கூடவே உன் மேல் கோபமும் வந்தது. செத்துப்போனவனோடு சண்டை போட முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய பேஜார்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் சர்வரைப் பார்த்துக்கொண்டேன். நீ வேலூரில் உன் மாடி அறையில் உட்கார்ந்து எங்களுக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தாய். உன்னிடம் விண்டோஸ், எங்களிடம் புதிதாக வந்த லினக்ஸ். அட்டைப்பெட்டியில் ஒட்டும் லேபிளுக்கு, வாங்குபவர் பெயர் இருபது இடம், அடுத்த இரண்டு இடம் ஷூ சைஸ். இருபதைத் தாண்டி இரண்டை வெட்டி எடு என்று எழுதியிருந்தாய். ஜெர்மனிக்காரர் ஒருவரின் பெயரில், தலைக்கு மேல் இரண்டு புள்ளி வைத்த எழுத்து ஒன்று இருந்தது. உன் கம்ப்யூட்டர் அதை ஓர் இடமாக எண்ணியது, எங்கள் சர்வர் இரண்டாக எண்ணியது. அந்தப் பெயர் வந்த லேபிளில் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போய், 38 வெறும் 3 ஆனது, 41 வெறும் 4 ஆனது. இங்கிலாந்து ஆர்டரில் சைஸ் 3, 4 என்றுதான் வரும். அதனால் பேக்கிங்கில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

பெட்டியில் ஒரு சைஸ், லேபிளில் வேறு சைஸ் என்று கன்டெய்னரில் ஏற்றும் முன்பு கண்டுபிடித்தார்கள். பேக்கிங் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்காதான் லேபிளை மாற்றி ஒட்டவிட்டார் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. எனக்கு லேபிள் மேல்தான் சந்தேகம். உனக்கு போன் போட்டேன்.

"என் மிஷின்ல கரெக்டா வருதுடா."

"இங்க வர்லயே."

"அப்போ உன் மிஷின்ல இன்னா கோளாறோ, பாரு."

எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில். "ஒரு அம்மாவோட வேலை போவுதுடா, பஸ் ஏறி வா" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். சர்வரில் ஒவ்வொரு பெயராக ஓட்டிப் பார்த்தாய். அந்த ஜெர்மன் பெயரின் நீளத்தை மட்டும் ஒன்று கூடுதலாகச் சொன்னது. "சனியன், ஒரு எழுத்த ரெண்டா எண்ணுது" என்றாய்.

அதோடு திருத்த உட்காருவாய் என்று நினைத்தேன். நீ எழுந்து பேக்கிங் ஹாலுக்குப் போனாய். அக்கா ஒட்டின பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மேல தப்பு இல்லக்கா. என் புரோகிராம்தான் தப்பு."

அவர் நிமிரவே இல்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? மேல போய் சொல்லுப்பா."

மேலே போனாய். உன்னிடம் இனி எந்த வேலையும் கொடுப்பதில்லை என்று மேனேஜர் என் கண் முன்னாலேயே சொன்னார். அக்கா வேலையில் நிலைத்தார். அவ்வளவுக்கும் பிறகு நீ திரும்ப என் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டுத்தான் கிளம்பினாய். "லினக்ஸ் வாங்கினவன கூப்டு, ஒதைக்கணும்" என்று பஸ் ஸ்டாண்டு வரை புலம்பிக்கொண்டே வந்தாய். அன்று உன்னைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை.

இப்போது என்னிடம் வேலை செய்கிறவர்களும் "என் சிஸ்டத்துல சரியா வருது சார்" என்கிறார்கள். கேட்டவுடன் பற்றிக்கொண்டு வருகிறது. நன்றாகத் திட்டிவிட்டு, ஒன்று மட்டும் கேட்கிறேன்.

"அது இருக்கட்டும். அங்க யாரு திட்டு வாங்கிட்டிருக்காங்க?"