நான் வாசிக்காமல் விட்ட வரி

மாப்பிள்ளை,

காலையிலிருந்து ஒரு பழுப்பு உறை என் மேசைமேல் கிடக்கிறது. மதுரை ஆஸ்பத்திரி முத்திரை. பிரித்ததுமே அந்த லோஷன் வாடை மூக்கில் ஏறியது. படித்தேன், மடித்து உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன். அதற்குள் மூன்று தடவை எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன்.

இது உனக்கு வந்த கடிதம் இல்லை. நீ கண்ணை மூடி ஏழு வருஷம் ஆகிறது. வலை பின்னுகிற ஒருவர், இருமிக்கொண்டே வந்து நீட்டினார். "இங்கிலீசுல இருக்கு சார். என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க" என்றார். "தபால் பை கட்டுற நேரம், நாலு மணிக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். பை கட்டி முடித்து அரைமணி ஆகியிருந்தது. உனக்கா தெரியாது, எனக்குச் சாக்குச் சொல்ல ஒரு நொடி போதும்.

உன் உறையும் இதே மேசைக்குத்தான் வந்தது. நான்தான் முத்திரை குத்தினேன். புதுமடத்திலிருந்து பாம்பன் வரைக்கும் உன் படகு தெரியாதவர்கள் இல்லை. ஆனால் உனக்கு எழுத்து மட்டும் வரவில்லை. "நீ எதுக்கு இருக்கே தபாலு? ஒனக்குக் கடலு தெரியாது, எனக்குக் காகிதம் தெரியாது, சரியாப்போச்சு" என்பாய். மதுரையில் படம் பிடித்து, தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, விவரம் தபாலில் வரும் என்று அனுப்பியிருந்தார்கள். நீ சுருட்டை அணைத்து வாசல்படியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாய். "வாசி மாப்ள."

வலது நுரையீரலில் கான்சர் என்று இருந்தது. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து இருக்கிறது, வீட்டாரோடு வாருங்கள், சந்தேகம் எதுவானாலும் கேளுங்கள் என்று இருந்தது. கடைசியில் இன்னொரு வரி: இது காசநோய் அல்ல, யாருக்கும் தொற்றாது.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. "காசம்தான். இப்பத்தான் அதுக்கு ஊசி வந்துருச்சுல்ல, கொணமாயிரும்" என்று என் வாய் சொன்னது. யாரும் சொல்லச் சொல்லவில்லை. குணமாகிற நோய் ஒன்றை உனக்குக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது. நீ எழுந்து, அணைத்த சுருட்டைக் கையில் எடுத்து, "அல்லா காப்பாத்துனான்" என்றாய். நான் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினேன்.

மறுநாளே உனக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. கரையோரம் ஓலைக் கொட்டகை போட்டு நீயே போய்ப் படுத்துக்கொண்டாய். உன் மனைவி மரியம் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டப் போய் நிற்பாள். உன் மகள் ஜொஹராவுக்கு அப்போது ஐந்து வயது. நெத்திலி காயப்போடுகிற பாய்க்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று நீதான் அவளுக்குச் சட்டம் போட்டாய். அவள் பாயின் அந்த ஓரத்தில் நின்று, "வாப்பா, இங்கனருந்து பேசவா?" என்று கத்துவாள். நான் அதைப் பார்த்தேன். தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

என் வாயை நம்பி கம்பவுண்டர் ஊசி போட்டார். ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் ஆமை ரத்தம் குடித்தால் காசம் போகும் என்று சிரட்டையில் பிடித்தே கொண்டுவந்துவிட்டார். நீ அதை வாய்வரை கொண்டுபோய் மணலில் ஊற்றினாய். "ரத்தம் ஹராம். குடிச்சு வாழ்ந்துட்டு அல்லாகிட்ட என்ன சொல்லப் போறேன்?" அப்புறம் என் பக்கம் திரும்பி, "கடல்ல தெச தப்புனா யாரக் கேக்கணும்னு எனக்குத் தெரியும். இதுக்கு யாரக் கேக்குறது மாப்ள?" என்றாய். கேட்க வேண்டிய ஆள் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஊசி போட்டும் நீ இளைத்துக்கொண்டே போனாய். மூன்றாம் மாதம் கோழையில் ரத்தம் வந்த அன்று உச்சிப்புளியில் ரயிலேறி நான் மட்டும் மதுரைக்குப் போனேன். அந்த டாக்டரம்மா என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் எழுதியிருக்கோமே, அவருக்கு வாசிச்சுச் சொன்னீங்களா?" என்றார். நான் தலையைக் குனிந்தேன். அவர் திட்டவில்லை. "அவரோட பிள்ளைக யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த வராந்தாவிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்து உன் கொட்டகையில் உட்கார்ந்து, கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். அடிப்பாய் என்று நினைத்தேன். நீ கடிதத்தை வாங்கி, கடைசி வரிமேல் விரலை வைத்தாய். பிறகு, "அப்ப இது ஒட்டாதா?" என்றாய்.

"ஒட்டாது."

"சத்தியமா?"

"சத்தியமா மாப்ள."

நீ கொட்டகையை விட்டு வெளியே வந்து, அந்தக் குரலை எங்கே வைத்திருந்தாயோ, "ஜொஹரா!" என்று கூப்பிட்டாய். பிள்ளை பாயின் ஓரம் வரை ஓடிவந்து பழக்கத்தில் நின்றுவிட்டது. நீயே நெத்திலியை மிதித்துக்கொண்டு போய் அவளைத் தூக்கினாய். தூக்க முடியவில்லை, இரண்டு பேரும் மீன்மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். மரியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடு.

அதன்பிறகுதான் நீ என்னை ஏசினாய். "பாம்பன்ல புயல் கூண்டு ஏத்தலேன்னா காத்து அடிக்காதாலே? கூண்டப் பாத்தாத்தான நான் படக இழுத்துக் கட்டுவேன்?" மறுவாரம் மதுரைக்குப் போகும்போது, கேட்க வேண்டியதை மறக்காமல் இருக்க வலைக் கயிற்றில் ஒரு கேள்விக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக் கொண்டுவந்தாய். இன்னும் எவ்வளவு காலம், வலி கூடுமா, படகில் ஏறலாமா, பிள்ளைக்குப் பின்னால் வருமா. டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். நீ ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாய். பக்கத்தில் மரியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வாங்கிய மருந்தில்தான் நீ முழுசாகத் தூங்க ஆரம்பித்தாய்.

திரும்பும் ரயிலில் பரமக்குடி தாண்டியதும் கயிற்றைக் காட்டினாய். ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. "இது டாக்டரம்மாவுக்கு இல்ல, ஒனக்கு. அன்னைக்குக் காகிதத்த மாத்தி வாசிச்சியே, யாரு பயத்துக்கு மருந்து போட்ட? எனக்கா, ஒனக்கா?" நான் ஜன்னல் வழியாகப் பனைமரங்களைப் பார்த்தேன். "சரி, பதில் வாரப்ப அவுத்துக்க" என்று கயிற்றை என் சட்டைப்பையில் திணித்தாய். ஆனியில் நீ போய்விட்டாய். ஜொஹரா உன் மார்பில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கடிதம் என்று யார் வந்தாலும் கண் மங்கலாக இருக்கிறது என்று தட்டிக்கழித்துவிடுவேன். உன் கேள்விக்குப் பதில் அன்றே தெரியும் மாப்பிள்ளை. என் பயத்துக்குத்தான். உன் முகம் மாறுவதை என்னால் பார்க்க முடியாது என்பதற்காக, மூன்று மாதம் உன்னைப் பிள்ளையிடமிருந்து பிரித்துப் போட்டேன்.

இந்த உறையிலும், யாருக்கும் தொற்றாது என்கிற அந்தக் கடைசி வரி இருக்கிறது. கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். முடிச்சு இறுகிப்போய் நகம் ஏறவில்லை. வாசல் படலைத் தள்ளுகிற சத்தம் கேட்கிறது. இருமல். எதிரே நாற்காலியைப் போட்டுவிட்டேன். அவர் உட்கார்ந்ததும் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும்.