தரிசு என்று எழுதப்பட்ட உன் காணி

என் அருமை லெட்சுமி அக்காவுக்கு,

நீ போன பிறகு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும் உன் தங்கச்சி பாக்கியம் எழுதுகிறேன். நல்ல செய்தி ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றி வளைக்கிறாள் என்று நீ ஏசுவாய். மேலே உன் காணி எரிந்துபோய்விட்டது. எரிந்ததோடு முடிந்திருந்தால் அழுது ஆற்றிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் உடப்புசல்லாவை மலையின் ஆவணிக் காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வருஷம் அந்தக் காற்றோடு மழையும் சதி செய்தது. இரண்டு மாதம் ஒரு சொட்டு இல்லை. மலை உச்சியில் மானாப்புல் காய்ந்து படுத்துக் கிடந்தது. யார் வைத்தார்கள், எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. மாட்டுக்காரர்கள் என்கிறார்கள், பீடித் துண்டு என்கிறார்கள். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியாமல் எல்லாரையும் திட்டினேன்.

அப்போது பகல் பதினொரு மணி. நான் வேலை பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தால் உச்சியில் புகை. புல்லிலிருந்து டர்பன்டைன் மரக்காட்டுக்குத் தாவியது. அந்த மரத்தில் எண்ணெய் இருக்கிறதல்லவா, வெடித்து வெடித்து எரிந்தது. அங்கிருந்து உன் வேலிக்கு வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அத்தானும் உன் மகள் ரேணுகாவும் பச்சைக் கொப்புகளை ஒடித்து அடித்தார்கள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சனம் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. ஊற்றிலிருந்து நீ இழுத்த குழாயில் காற்றுத்தான் வந்தது. மூன்று மணிக்கெல்லாம் எரிய ஒன்றும் மிச்சமில்லை.

பதினேழு பேரிக்காய் மரமும் போனது. போஞ்சிக் கொடி, கோவாப் பாத்தி, மண்வெட்டி வைக்கும் குடிசை, எல்லாம் போனது. லீக்ஸ் நின்ற இடத்திலேயே வெந்திருந்தது. பிடுங்கினால் கையோடு கூழாக வந்தது. அந்த வாசத்தில் எனக்குப் பசி எடுத்தது, அக்கா. அதற்காகவும் அன்றைக்கு அழுதேன்.

அந்த அரை ஏக்கரை முன்பு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டம் கைவிட்ட பழைய தேயிலை மலை அது, புல் ஆளுயரம் நின்றது. ரேணுகா உன் வயிற்றில் இருந்தபோது நீ அங்கே முதல் வெட்டு வெட்டினாய். பகலெல்லாம் தோட்டத்துக்குக் கொழுந்து பறித்துவிட்டு, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் உனக்காகக் கொத்தினாய். "எம்மக கொழுந்துக் கூட தூக்கக் கூடாது பாக்கியம்," என்பாய். இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரே பேச்சு. எனக்குக் காது புளித்துப்போனது. உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன், மன்னித்துக்கொள்.

நீ கண்ணை மூடிய பிறகு ரேணுகா கொழும்புத் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தாள். "அம்மா காணி இருக்கு, நான் பாத்துக்கிறேன்," என்றாள். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, உன்னைவிட நன்றாகச் செய்தாள். பயிர் வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் காணிப் பத்திரம் கொடுக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, அவளே போய் விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தாள். தீப்பிடித்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அடுத்த வியாழக்கிழமை அதிகாரி நேரில் வந்து காணியைப் பார்ப்பார் என்று போட்டிருந்தது.

இனி நான் செய்த காரியம்.

நம் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே. தோட்டத்துத் துரை வருகிறார் என்றால் போதும். தண்ணீர் ஓடும் கானைக் கழுவு, வாசலைக் கூட்டு, கொடியில் கிடக்கும் கிழிசலை எடுத்து உள்ளே போடு. நான் வேலை செய்யும் இடத்தில் கேட்கவே வேண்டாம். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் குழந்தைகளின் மூக்கைக்கூட இரண்டு தடவை துடைத்து வைப்பேன். அப்படி வளர்ந்த மண்டையில் வேறு என்ன தோன்றும்? அதிகாரி வருகிறார் என்றதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். காணியைத் துப்புரவாக்க வேண்டும்.

ரேணுகா வேண்டாம் என்றாள். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"அப்படியே இருக்கட்டுமே சின்னம்மா. எரிஞ்சத எரிஞ்ச மாதிரியே வந்து பாக்கட்டும்."

"கவுருமெண்டு ஆளு வர்றாங்கடி. கரியும் கட்டையுமா போட்டு வச்சிருந்தா நம்மள சோம்பேறிங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? வேலை செய்ற சனம்னு தெரிய வேணாமா?"

அவளும் என்னோடு மேலே ஏறி வந்தாள். பெரியவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். ஐந்து நாள் வேலை செய்தோம். அத்தான் அலவாங்கைப் போட்டு நெம்பி, கருகின அடிமரங்களை ஒவ்வொன்றாக வேரோடு பெயர்த்தார். வேலிக் கட்டைகளையும், குடிசைக் கால்களையும், கருகின தகரத்தையும் கீழே இழுத்து வந்தோம். குழிகளை மூடினோம். நான் முள்வாரியால் பள்ளிக்கூட மைதானம் மாதிரி சமப்படுத்தினேன். கோலம் ஒன்றுதான் போடவில்லை. புதன்கிழமை பின்னேரம் அங்கே நின்று பார்த்தபோது எனக்கு என்ன பெருமை தெரியுமா? லெட்சுமியின் தங்கச்சி சும்மா இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துப் பையன், நல்ல மரியாதை தெரிந்தவர். செருப்பெல்லாம் மண்ணாகும்படி ஏறி வந்தார். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கும் கூடவே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மரங்கள் எங்க நிண்டது அம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

நான் கையைக் காட்டினேன். இங்கே, இங்கே, அந்த மூலையில் என்று பதினேழு இடத்தையும் காட்டினேன். அவர் மண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு அடிக்கட்டையாவது இருக்கோ?"

"எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டோம்ங்க சார். நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க, அதான் துப்புரவு பண்ணிட்டோம்."

அவர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

"ஏனம்மா அப்பிடிச் செய்தனீங்கள்? அந்தக் கட்டையளைத்தானே நான் பாக்க வந்தனான்."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது, அக்கா. கட்டைகளை விறகாக அடுக்கி வைத்திருக்கிறோம், கீழே வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். அவை எங்கே நின்ற மரம் என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். நீ லீக்ஸ் கட்டோடு நிற்கும் படத்தை ரேணுகா போனில் காட்டினாள். அதில் உன் பல்லும் இலையும்தான் தெரிகிறது. சரிவில் மண்ணைத் தாங்கும் கல்லுக்கட்டுகளைக் காட்டினேன். அப்போதுதான் கண்டாக்கு வாயைத் திறந்தார். "அது பழைய தேயில இருந்தப்ப தோட்டம் கட்டினது சார்."

கீழே இருக்கும் இரண்டு கட்டும் தோட்டத்தினுடையதுதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. மேலே இருக்கும் மூன்றும் நீ தலையில் கல் சுமந்து கட்டியது. அந்த ஆள் அப்போது இந்தத் தோட்டத்துக்கே வந்திருக்கவில்லை. ஆனால் கல்லில் உன் பேரா எழுதியிருக்கிறது? அதிகாரி தாளை மடியில் வைத்து எழுதினார். பக்கத்தில் நின்ற ரேணுகா எட்டிப் பார்த்துப் படித்தாள். பயிரும் மரமும் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல். தரிசு.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணில் கண்டதை எழுதினார். கண்ணுக்குத் தெரியாதபடி செய்தது நான். கண்டாக்குமேல் மட்டும் கோபம் இருக்கிறது. அது ஆயுள்வரைக்கும் இருக்கட்டும்.

டவுன் மரக்கறிக் கடைக் காதர் நானா விஷயம் கேள்விப்பட்டு, தானே நம் லயத்து வீட்டுக்கு வந்தார். "நான் எழுதித் தாரேன். லெச்சுமி கொண்டு வந்த லீக்ஸ இந்தக் கையாலதானே எறக்கின. எத்தன வருஷம்!" என்று சொல்லி ஒரு தாள் முழுக்க எழுதிக் கொடுத்தார். ரேணுகா கொண்டுபோய்க் கொடுத்தாள். அதையும் கோப்பில் வைக்கிறோம் என்றார்களாம். லயத்தில் மற்றவர்களிடம் கையெழுத்துக் கேட்டேன். எல்லாருக்கும் உன்னைத் தெரியும், உன் பேரிக்காயைத் தின்றவர்கள்தான். ஆனால் தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு தோட்டத்துக்கு எதிராக எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தலையைச் சொறிந்தார்கள். அவர்கள் இடத்தில் நானாக இருந்தாலும் சொறிந்திருப்பேன்.

விட்டுவிட்டோமா என்றால் இல்லை. மறுபடி பயிர் நின்றால் மறுபடி வந்து பார்க்கச் சொல்லலாம் என்று ரேணுகா மூன்று கல்லுக்கட்டிலும் பாத்தி போட்டாள். நானா கொடுத்த லீக்ஸ் நாற்றை நட்டோம், கரட் விதை தூவினோம். கரட் முளைத்து விரல் நீளம் வந்தது. அந்த நாலு நாள் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். ஐப்பசி மழை வந்தது. வேர் இருந்திருந்தால் மண் நின்றிருக்கும். அதையும்தானே தோண்டி எடுத்தோம். ஒரே மழையில் மேல் மண் முழுக்க வழிந்து கீழ் றோட்டில் போய்க் கிடந்தது. மேலே சிவப்புக் களியும் கல்லும்தான் மிஞ்சியது.

போன மாதம் கடிதம் வந்தது, சிங்களத்தில். ரேணுகா வாசித்துச் சொன்னாள். பயிர்ச்செய்கை இருந்ததாகக் காணப்படாததால் விண்ணப்பத்தைக் கவனத்தில் எடுக்க முடியாதாம். மேல்முறையீடு செய்யலாமாம். அதற்குள் தோட்டத்து ஆட்கள் வந்து, டர்பன்டைன் கன்று நடுவதற்கு வரிசை வரிசையாகக் குச்சி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேல்முறையீட்டு மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரேணுகாவுக்கும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்து இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம்.

திங்கட்கிழமையிலிருந்து அவள், கொழுந்து பறிக்க ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகிறாள். விடிகாலையில் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு, கூடையோடு போய் வரிசையில் நிற்கிறாள். பேர் கூப்பிட்டால் பதில் சொல்கிறாள். நான் பிள்ளைக் காம்பரா ஜன்னலை மூடி வைத்துக்கொள்கிறேன். எனக்கென்று பெற்ற பிள்ளை இல்லை. இருந்த ஒரு பிள்ளையையும் நானே கொண்டுபோய் அந்த வரிசையில் நிறுத்தினேன். அத்தான் என்னை இதுவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. மேலே போவதையும் நிறுத்திவிட்டார். அவர் ஏசினால் எனக்குக் கொஞ்சம் நன்றாயிருக்கும். நீ இருந்திருந்தால் லயமே கூடும்படி கத்தியிருப்பாய். கத்தேன் அக்கா, இப்போதாவது.

இன்னொன்றும் இருக்கிறது. நீ படுக்கையில் கிடந்த கடைசி மாதம். "என்னைய மேல நம்ம காணியில வச்சிருங்க," என்று கேட்டாய். நான் உன் வாயைப் பொத்தினேன். பிறகு நீ உண்மையாகவே போனபோது அத்தான் அதை ஞாபகப்படுத்தினார். "தொரைக்கிட்ட கேக்கணும். அவரு வேணாம்னு சொல்லிட்டா அசிங்கமாயிரும்," என்று சொன்னது நான்தான். யாரும் கேட்கப் போகவில்லை. ஆற்றோரம் எல்லாரையும் புதைக்கும் இடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உன்னையும் வைத்தோம். நீ மேலே இருந்திருந்தால் அந்தக் கட்டத்தில் அதிகாரி என்ன எழுதியிருப்பார்? தரிசு என்று எழுத அவருக்குக் கை வந்திருக்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அத்தானையும் ரேணுகாவையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்.

"நான் செத்தா என்னைய கீழ கொண்டு போகாதீங்க. மேல நம்ம காணிக்குத் தூக்கிட்டுப் போங்க."

அத்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ரேணுகா, "அங்க டர்பன்டைன் நட்டுருவாங்களே சின்னம்மா," என்றாள்.

"ரெண்டு மரத்துக்கு நடுவுல எடம் இருக்கும்ல, அது போதும்."

"தொரைக்கிட்ட கேக்கணுமே."

"கேக்காதீங்க," என்றேன்.

உனக்கு நான் கொடுக்கக்கூடிய வாக்கு இது ஒன்றுதான். காணியை மீட்டுத் தருகிறேன் என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். ரேணுகாவின் முதுகிலிருந்து கூடையை இறக்குவேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இன்னொரு தடவை யாராவது தாளும் பேனாவுமாக அங்கே ஏறி வந்தால், இந்த அரை ஏக்கரில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு இறங்க முடியாது. நான் இருப்பேன்.

உனக்கு அடுத்துப் பிறந்து, உன் பேச்சை ஒருநாளும் கேட்காத தங்கச்சி,
பாக்கியம்