பதின்மூன்று அடிப் பேய்

ஜூன் 3, செவ்வாய்

பதிப்பாளர் போன் செய்தார். இளவட்டங்களுக்காக நான் எழுதும் பேய் நாவல் வரிசையில் ஏழாவது புத்தகம் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்துவிட்டதாம். "பசங்க படிச்சிட்டுச் சிரிக்கிறாங்கண்ணே. எட்டாவதும் இப்படின்னா வரிசைய நிறுத்திடலாம்" என்றார். சிரிக்கிறார்களாம். என் முதல் நாவலைப் படித்த ஒரு போலீஸ் அதிகாரி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் 5

பேயின் உயரம் முடிவாகிவிட்டது. பதினோரு அடி.

ஜூன் 9, திங்கள்

பிரமாதமான அத்தியாயம். வாடகை வீடு, மத்தியான வேளை, தனியாக ஒரு பள்ளி மாணவி. அலமாரிக் கதவு தானாகத் திறக்கிறது. பேய் வெளியே வந்து, தான் யார், எந்த வம்சம், யார் யாரைக் கொன்றது என்று இரண்டு பக்கம் பேசுகிறது. என் கை தானாக ஓடியது.

அக்கா மகளிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். என் கையெழுத்து அவளுக்கு மட்டும்தான் புரியும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பள்ளிதான் என்னை விட்டது என்பாள் அக்கா. அந்த மகளோ பதினாறு வயதில் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கப் பேய் நாவல் படிக்கிற ஜென்மம். என் அத்தியாயத்துக்கு ஒரு கொட்டாவி விட்டாள்.

"உங்க பேய் உங்கள மாதிரியே பேசுது மாமா. வந்த உடனே தன்னப் பத்தி ஆரம்பிச்சிடுது."

சமையலறையிலிருந்து அக்கா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். இது வீடா, இல்லை பட்டிமன்றமா? இரண்டு போலீஸ் அதிகாரிகளைப் படுக்கையில் தள்ளியவனய்யா நான்.

ஜூன் 14

கோபத்தில் பேயைப் பதின்மூன்று அடி ஆக்கினேன். "அந்த வீட்டுக் கூரையே பத்தடிதானே மாமா, குனிஞ்சு நிக்குமா?" என்கிறாள். இவளோடு மாரடிக்க என்னால் ஆகாது.

ஜூன் 21, சனி

முடித்தாயிற்று. அவளே தட்டச்சு செய்து, அவளே அனுப்பியும் விட்டாள். அனுப்பியதைத் திரும்பப் படிக்கும் வழக்கம் எனக்கில்லை. எழுதினவனே படித்துப் பயந்துவிட்டால் அடுத்த புத்தகத்தை யார் எழுதுவது?

ஜூலை 2, புதன்

பதிப்பாளர் போன். குரலே வேறு மாதிரி இருந்தது. அவர் மகள் படித்துவிட்டு அலமாரிப் பக்கமே போவதில்லையாம். சட்டையை அவள் அம்மாதான் எடுத்துக் கொடுக்கிறாளாம். "கடைசி வரைக்கும் பேயக் கண்ணுலயே காட்டலியேண்ணே, எப்படி இப்படி ஒரு யோசனை?" என்றார்.

"அதுதான் அனுபவம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. காட்டவில்லையா? பதின்மூன்று அடி — எங்கே போயிற்று?

வேறு யார் வேலை. அக்கா மகளைக் கூப்பிட்டுக் கேட்டால் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் நிற்கிறாள்.

"பேய் வர்ற இடத்த மட்டும் எடுத்துட்டேன். மத்தபடி ஒரு வார்த்த நான் சேர்க்கல. கதவு திறக்கிறதெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

"என்னக் கேக்க வேணாமா?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

நான் வளர்த்த பேய்டா அது. எத்தனை நாள் வளர்த்தேன். ஒரே தட்டில் அழித்துவிட்டாளே பாவி.

நாளை மறுநாளே அதைத் திரும்ப உள்ளே வைக்கிறேன். அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

பேயை எங்கே செருகலாம் என்று பார்ப்பதற்காக மட்டும் படிக்க உட்கார்ந்தேன். நல்ல வெயில். அக்கா வேலைக்குப் போயிருந்தாள், மகள் பள்ளிக்கு.

கதையில், காலையில் சாத்திவிட்டுப் போன அலமாரி, அந்தப் பெண் திரும்பி வரும்போது விரல் நுழையும் அளவு திறந்திருக்கிறது. சாத்துகிறாள். முகம் கழுவி வருகிறாள். மறுபடியும் அதே இடைவெளி. உள்ளே தொங்கும் சீருடையின் ஒரு கை மட்டும் ஈரமாக இருக்கிறது.

உள்ளே இருப்பது யாரென்று எனக்குத் தெரியாதா? அதன் வம்சமே என் கைவரிசை. இருந்தும் பக்கத்துக்குப் பக்கம் இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று பார்த்தேன். வந்து தொலைத்திருந்தால்கூடத் தேவலை. வரவே இல்லை.

மீதியை வாசலில் போய் உட்கார்ந்து படித்தேன். உள்ளே காற்று போதவில்லை.

ஜூலை 5

அப்படியே அச்சுக்குப் போகட்டும் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். ஒன்பதாவதையும் கேட்டார். அவள் ஏன் மாமா என்று கேட்டதற்கு, கூரை பத்தடிதானே என்றேன். சிரிக்கிறாள், கழுதை.

ஜூலை 13, ஞாயிறு

தச்சர் வந்து என் அறை அலமாரிக்குத் தாழ்ப்பாள் வைத்தார். ஒன்று போதும் என்றார். மேலே ஒன்று, கீழே ஒன்று வைக்கச் சொன்னேன். கதவு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.