அப்பாவின் கணினியிலிருந்து இரண்டு பக்கம்

அண்ணா,

எனக்குக் காலை ஷிப்ட், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார்.

நீ கேட்ட வீட்டு வரைபடம் கிடைத்துவிட்டது. அப்பா இறந்த பிறகு அவருடைய பழைய கணினி உயிர் பெறவே இல்லை அல்லவா? அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி அதிலிருந்ததை எல்லாம் எடுத்து, என் லேப்டாப்புக்குள் அந்தப் பழைய கணினி போலவே நடிக்கிற ஒரு மென்பொருளில் ஓடவிட்டேன். அதற்கு நம் பிரிண்டரை அடையாளமே தெரியவில்லை. அது அச்சடிக்க அனுப்பியதை ஒரு ஃபைலில் பிடித்து, அங்கிருந்து பிரிண்டருக்குத் தள்ளினேன். முதலில் வெறும் கிறுக்கலாக வந்தது. அப்பாவின் பழைய எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது.

வரைபடத்தோடு ஒரு கடிதமும் இருந்தது. நீ கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மாதம் எழுதியது. "பெரியவனுக்கு" என்று ஆரம்பிக்கிறது.

"எனக்குன்னு ஒரு வரியாவது எழுதினாரா அவர்?" என்று நேற்று சத்தம் போட்டாயே. பதிலுக்கு நானும், "நீ எழுதினியா?" என்று கேட்டிருக்கக் கூடாது. மனசில் வைத்துக்கொள்ளாதே.

முதல் வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. பிரிண்டர் மேலேயே கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

தங்கச்சி

பி.கு. கடிதத்தின் இரண்டாம் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்பது கண்ணில் பட்டது. பிரிண்டர் கோளாறோ என்று மூன்று தடவை அச்சடித்துப் பார்த்தேன். கோளாறு இல்லை அண்ணா, அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று: படித்துவிட்டு உடனே உன் ஊருக்குக் கிளம்பிவிடாதே. சாயங்காலம் நான் வரும்வரைக்கும் இரு.