வலப்பக்கம் போன கால்

அன்பு மச்சான் சகாயம்,

அங்கே இடம் தாராளமா? கால் வைத்துப் பழக இடம் இருந்தால் போதும், உனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உன் தங்கை ரெஜினா ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் சண்டை போட்டாள். முடிவைப் பிறகு சொல்கிறேன். பொறு.

நீ போன பிறகு, ஆவடி சர்ச் மொட்டைமாடியில் நம் கராத்தே வகுப்பை நான்தான் எடுக்கிறேன். உன்னோடு மோதி மோதியே உன் காலடிகளை மனப்பாடம் செய்தவன் நான். எதிராளியின் குத்து நேராக வந்தால் நேராகப் பின்வாங்காதே. சாய்வாக ஒதுங்கி அவன் தோளுக்குப் பக்கத்தில் போய் நில். அங்கிருந்து உனக்கு அவன் எட்டுவான், அவனுக்கு நீ எட்டமாட்டாய். நீ சொன்னதை அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

போன போட்டியில் நம் ஆட்கள் மொத்தமும் தோற்றார்கள். ரெஜினாவும். அம்பத்தூர்ப் பையன் ஒருவன் தன் கூட்டாளியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மாமே, ஆவடிக்காரன் லெப்ட்லதான் ஒதுங்குவான். அங்கியே பாத்துகினு நில்லு."

கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் அந்தப் போட்டியைப் பிடித்திருந்தார். உன் வீட்டில் வாடகை வீடியோ டெக் வைத்துப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. சின்னவர்கள், பெரியவர்கள், எல்லோரும் இடப்பக்கம். பழைய கேசட்டில் நீயும். ஏன்?

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். ஒடுங்கலான மாடி, ஒவ்வொரு ஜோடியாகத்தான் பழக முடியும். ஒதுங்குகிறவர் கண்ணில் காலை வெயில் படாமல் மேற்கே பார்த்து நிற்பது நம் வழக்கம். நின்றேன். வலப்பக்கம் நெடுகத் தண்ணீர்த் தொட்டி. சிமென்ட். அந்தப் பக்கம் போனால் முட்டி பெயரும்.

அந்த இடப்பக்கக் கோணத்தை யோசித்துக் கண்டுபிடித்தவன் நீ என்று நினைத்திருந்தேன். தொட்டிக்குப் பயந்திருக்கிறாய். தனியாக நின்று சிரித்தேன்.

வகுப்பை வெள்ளானூரில் ஒரு காலி மனைக்கு மாற்றினேன். வலப்பக்கம் போக வலது கால் முதலில் நகர வேண்டும் என்று ஆரம்பித்தேன். ரெஜினா அசையவில்லை.

"அது எங்கண்ணன் போட்ட ஸ்டெப்பு. அத்த நீ இன்னாத்துக்குண்ணே மாத்தற?"

உன் நினைவுப் பூசை முடிந்ததும் உன் சட்டைகளை அம்மா கொடுத்துவிட்டார்கள். வண்டியையும் விற்றாகிவிட்டது. அவளிடம் மிச்சமிருப்பது அந்தக் காலடி மட்டும். அதிலும் கை வைக்க நான் யார்? எதையும் எடுக்கவில்லை, ஒன்றைச் சேர்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சில நாள் வரவில்லை. பிறகு ஒரு காலை அவளாகவே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வலப்பக்கம் ஒதுங்கினாள். பழக்கத்தில் இடது கால் முந்தியது. கால்கள் பின்னி, மண்ணில் உட்கார்ந்தாள்.

"ரைட்ல இன்னா கீதுன்னு என் காலுக்கே தெரியலண்ணே."

சிரித்தாள். நீ போன பிறகு முதல் தடவை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். எதிரில் அம்பத்தூர்ப் பெண். இடப்பக்கம் பார்த்துக் காத்திருந்தாள். ரெஜினா வலப்பக்கம் போனாள். அந்தக் குத்து வெறும் காற்றில். பக்கத்திலிருந்து ரெஜினா குத்தினாள், நமக்குப் புள்ளி. அதன் பிறகு அந்தப் பெண் வலப்பக்கத்தையே காவல் காத்தாள். ரெஜினா இடப்பக்கம் போனாள். உன் ஸ்டெப். அச்சு அசலாக நீ. ஜெயித்துவிட்டாள். அடுத்த சுற்றில் ஒரு நெட்டைப் பெண்ணிடம் நன்றாக வாங்கினாள். அது வேறு விஷயம்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணனுக்கு எழுது. ஜெயிச்ச பாய்ண்ட்டு லெப்ட்ல எட்த்ததுன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

இனி வருகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் சொல்லித் தருவேன் மச்சான், இது வாக்கு. உன்னைக் கேட்காமல் சேர்த்ததற்கு நீ சண்டைக்கு வருவாய். வா. என்றாவது நான் அங்கே வரும்போது வைத்துக்கொள்வோம். நான் எந்தப் பக்கம் ஒதுங்குவேன் என்று இந்தத் தடவை உனக்குத் தெரியாது.

உன் தங்கைக்கு அண்ணன்,
உனக்கு மட்டும் மச்சான்,
முரளி