ஸ்டிக்கரில் எழுதிய எண்

அன்பு வாலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா நலம், நான் ஒரு மாதிரி. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, முழங்கைக்கு ஐஸ் வைத்து, நல்லபடியாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் என்ன பேசுகிறேன்? சாப்பிட்டியா, தூங்கினியா, அங்க குளிரா. இந்த மூன்றுதான். நாலாவதாக ஒன்று கேட்பதற்குள் ஸ்பீக்கரில் உன் அம்மா புகுந்துவிடுவாள். இந்த விஷயத்தை நான் தட்டுத் தடுமாறிச் சொல்ல, நீ பாதியில் போனை வைத்துவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? கடிதத்தையும் பாதியில் தூக்கி எறியலாம். ஆனால் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

உன்னோடு டென்னிஸ் ஆடுகிற அந்த நெட்டைப் பெண் நேற்றுக் காலை நான் ஸ்ட்ரிங் கட்டுகிற கிளப்புக்கே வந்து உன் ராக்கெட்டில் இரண்டைக் கொடுத்தாள். வியாழக்கிழமை அங்கே திரும்புகிறாளாம், அதற்குள் ஸ்ட்ரிங் கட்டித் தரச் சொன்னாயாம். நல்ல பெண். என் அறையில் இருந்த ஒரே நாற்காலியில் பழைய கிரிப் சுருள்கள் கிடந்ததால் கடைசிவரை நின்றுகொண்டே பேசினாள். அவளிடமே இந்தக் கடிதமும் வருகிறது. பையின் பக்க ஜிப்பில் பார்.

இங்கே பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கிளப்பில் இரண்டாம் நம்பர் கோர்ட்டைப் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். அந்தத் தூசியெல்லாம் என் ஸ்ட்ரிங் மெஷின்மேல்தான் வந்து உட்காருகிறது. செயலாளர் உன் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார், சரியாக உன் தலைக்கு மேலே 'செருப்புடன் கோர்ட்டில் நுழையாதீர்' என்று இருக்கிறது. நகர்த்தி ஒட்டுங்கள் சார் என்றேன். ஏன், உங்க பொண்ணுக்கும் சேர்த்துத்தானே என்கிறார். வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழியும்போது சமையலறை வரை நடந்து வந்துவிடுகிறது. அம்மா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் உன் ஸ்கோர் பார்க்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். முதல் ஊருக்குப் பிறகு நாலு ஊர், நாலு போட்டி, நாலிலும் முதல் சுற்றிலேயே தோல்வி. அடிக்கிற பந்து வலை தாண்டுவதற்குள் செத்து விழுகிறது என்றாய். கோச் முதலில் உன் சர்வீஸை மாற்றினார், பிறகு பிடியை மாற்றினார், இப்போது நிற்கிற விதத்தையே மாற்றச் சொல்கிறார், எனக்கு ஆடவே தெரியலம்மா, இத்தனை நாள் தெரிஞ்ச மாதிரி நினைச்சுட்டு இருந்திருக்கேன் என்றாய். அடுத்த வாரப் போட்டியோடு முடித்துக்கொண்டு வந்து காலேஜில் சேர்ந்துவிடுகிறேன் என்றாய். வந்துடு கண்ணு என்றாள் அம்மா. நான் என் வழக்கப்படி சாப்பிட்டியா என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ இங்கிருந்து கொண்டுபோன ஆறு ராக்கெட்டில் ஒன்றில்கூட ஸ்ட்ரிங்கின் இறுக்கம் ஐம்பத்து நாலு பவுண்டு கிடையாது. ஆறும் ஐம்பது.

ஐம்பத்து நாலு உன் எண். பதினேழு வயதில் மூன்று மாதம் ஒவ்வொரு இறுக்கமாக ஆடிப் பார்த்து நீயே எடுத்த முடிவு. அரைப் பவுண்டு மாறினாலும் என் கைக்குத் தெரிஞ்சிடும்பா என்று பீற்றிக்கொள்வாய். நீ கிளம்புவதற்கு நாலு மாதம் முன்னால், தண்ணீர் ஜக்கை இடது கையால் தூக்க ஆரம்பித்தாய். தலையையும் இடது கையால் சீவினாய். ஸ்ட்ரிங் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு அடியும் முழங்கையில் போய் இடிக்கும் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். என் எண்ணை யாரும் தொடக்கூடாது என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை, மெஷினைத் திருகினேன். முதலில் ஐம்பத்து மூன்று. மூன்று வாரம் கழித்து ஐம்பத்திரண்டு. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி, நீ கிளம்பும்போது ஐம்பதுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எத்தனை பவுண்டு என்று ராக்கெட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஐம்பத்து நாலு என்றே எழுதி ஒட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில்தான் மறைப்பார்கள், நான் அந்தத் துக்குணூண்டு ஸ்டிக்கரில் மறைத்தேன். உன் கைக்கு ஒன்றும் தெரியவில்லை, பார்த்தாயா.

போன முதல் ஊரிலேயே தகுதிச் சுற்றில் இரண்டு, மெயின் சுற்றில் இரண்டு ஜெயித்துக் காலிறுதி வரை போனாய். உன் பெயருக்குப் பக்கத்தில் முதல் தடவையாக ஒரு ரேங்கிங் வந்தது. அம்மா தன் மருந்துக்கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மாத்திரையோடு அதையும் சேர்த்துக் கொடுத்தாள். நானோ, என்னால்தான் என்று வெளியே சொல்ல முடியாமல் உள்ளுக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். அப்புறம் நான் கட்டிய ஸ்ட்ரிங் ஒவ்வொன்றாக அறுந்தது. அங்கே கட்டுகிறவர்கள் நீ சொன்னபடி நிஜ ஐம்பத்து நாலு போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் தோல்வி, அதிலிருந்துதான் நீ அம்மாவிடம் வலி மருந்தின் பெயர் கேட்டது. பழுது என் ஸ்டிக்கரில் இருக்க, நீயும் கோச்சும் அதை உன் சர்வீஸில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். இப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பும் நேற்று மத்தியானத்தோடு போயிற்று. கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு தடவை சரிபார்ப்போம் என்று உன் முதல் போட்டி வீடியோக்களை மறுபடி பார்த்தேன். நான் கட்டுவது மஞ்சள் ஸ்ட்ரிங். அங்கே கட்டுவது கறுப்பு. மெயின் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், ஒரு செட் பின்னால் இருந்து மீண்டு வந்து ஜெயித்தாயே, அதில் உன் கையில் இருப்பது கறுப்பு. அதாவது நிஜ ஐம்பத்து நாலு. காலிறுதியில் தோற்றபோது மஞ்சள். அப்படியென்றால் நீ ஜெயித்தது என் ஸ்ட்ரிங்காலா, இல்லை காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா? போதாக்குறைக்கு, இப்போது வந்த இரண்டில் ஒன்றில் என் மஞ்சள் ஸ்ட்ரிங் இன்னும் அறாமல் இருந்தது. இறுக்கம் அளக்கிற கருவி வைத்துப் பார்த்தேன், நாற்பத்து மூன்று காட்டுகிறது. ஆட ஆடத் தளரும் என்பது தெரிந்ததுதான், இவ்வளவு என்று நினைக்கவில்லை. ஆக, எந்த எண்ணில் நீ ஜெயித்தாய், எந்த எண்ணில் தோற்றாய் என்பது யாருக்கும் தெரியாது. காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு ஆட்டமாக எழுதி, அடித்து, அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். கடைசியில் என் அம்புக்குறியே எனக்குப் புரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று பார்த்தால், துணி மடித்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள். கை வலிக்குதேன்னு தளர்த்தினீங்களா, இல்ல அவ தோத்து வீட்டோட இருக்கட்டும்னா? இல்லை என்று உடனே சொன்னேன். சொன்ன பிறகு யோசித்தேன். அதுதான் தப்பு. கைக்காகத்தான் செய்தேன், நூற்றுக்குத் தொண்ணூறு அதற்காகத்தான். மீதிப் பத்து என்ன என்று எனக்கே விளங்கவில்லை. நீ விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் போனாய், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது ஸ்ட்ரிங்கைத் தளர்த்திய பிறகு நடந்தது. அதனால் அது காரணமாக இருக்க முடியாது. எதற்காக இதை எழுதினேன் என்றும் தெரியவில்லை.

அவளிடம் எதையும் சொல்லாதீர்கள், வருகிற பிள்ளையை ஏன் தடுக்கிறீர்கள் என்கிறாள் அம்மா. எனக்கும் அந்த ஆசை வந்தது, ஒளிப்பானேன். பேசாமல் இரண்டிலும் ஐம்பத்து நாலு கட்டி அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. அடுத்த வாரமும் தோற்பாய், வந்துவிடுவாய். உன் கட்டிலில் கிடக்கும் இஸ்திரித் துணிகளை எங்கே வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். முதல் ராக்கெட்டை மெஷினில் பூட்டி, பழைய ஸ்ட்ரிங்கை வெட்டி எடுத்து, புதிதை இழுப்பதற்கு எண்ணைத் திருகப் போனேன். ஐம்பத்து நாலு வைத்தால் உன் கை போகும். ஐம்பது வைத்தால் மறுபடி திருட்டு. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கிளப் பூட்டுகிறவர் வந்து சாவியைக் குலுக்கும்வரை அப்படியே நின்றேன்.

அதனால் இரண்டையும் ஸ்ட்ரிங் இல்லாமல் வெறும் சட்டமாகத்தான் அனுப்புகிறேன். மஞ்சள் ஸ்ட்ரிங் சுருள் கூடவே வருகிறது. எந்தப் பவுண்டில் கட்ட வேண்டும் என்று அங்கே கட்டுகிறவரிடம் நீயே சொல். கட்டி முடித்ததும் ஸ்டிக்கரை உன் கையால் எழுதி ஒட்டு. இந்தக் கடிதத்தைக் கோச்சிடமும் காட்டு, அவர் என்னைத் திட்டட்டும். கையை ஒரு டாக்டரிடமும் காட்டு, ஐம்பதோ ஐம்பத்து நாலோ, வலி வலிதான்.

வாலு, வீட்டுக்கு வருவதென்றால் எப்போது வேண்டுமானாலும் வா. கை வலிக்கிறது என்று வா, ஆட அலுத்துப்போயிற்று என்று வா, காரணமே இல்லாமல் வா, கதவு திறந்துதான் இருக்கும். என் மூஞ்சியில் விழிக்கப் பிடிக்காமல் ஒரு வருஷம் வராமல் இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். எனக்கு ஆடத் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு மட்டும் வந்துவிடாதே. உனக்குத் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க நான் உன்னை விடவே இல்லையம்மா. அதை இனிமேல்தான் நீ பார்க்கப் போகிறாய்.

நன்றாக இரு. ஜெயித்தாலும் தோற்றாலும் அது உன்னுடையதாகவே இருக்கட்டும்.

உன் மன்னிப்பைக் கேட்கவும் வாய் வராத,
உன் அப்பா